பாகையின் கீழ் இருந்த பெண்கள் குறித்துக் கழிமுக நாட்டுக்குச் சென்ற திருமுகம்

நலம் பெருகுக. மாரி பிழையாது பொழிக. வடக்கே கல்மலையும் தெற்கே கடலும் வேலியாக, பன்னிரண்டு நாடுகளை ஒரு குடைக்கீழ்க் காத்து, வெள்ளிமதில் மாநகரத்து அரியணையில் எழுந்தருளியிருக்கும் கோப்பெருந்தேவி ஆழிமங்கையார் திருவாய் மலர்ந்தருளியபடி, ஓலைநாயகம் கூத்தன் மணலி எழுதிய திருமுகம். கழிமுக நாட்டின் காவலரும், ஏழு துறைகளுக்கு உடையவரும், அலைவாய்ப் பட்டினத்து மாளிகையில் வீற்றிருப்பவருமாகிய அரையன் சுறவனார் கேட்டுத் தெளிக. உம் கழிகளில் மீன் குறையாதிருக்கட்டும். உப்பளங்கள் வெளுத்து விளையட்டும். கடலேறிப் போன கலங்கள் எல்லாம் கரை காணட்டும்.

நலம் கேட்டது போதும். இத்திருமுகம் உம் மாளிகைக்குள் திரையிட்டுப் படிப்பதற்கு உரியதன்று. அலைவாய்ச் சிறைக்கோட்டத்தின் வாயிலில், ஊரார் கூடியிருக்க, நீர் நின்றபடி கேட்க வேண்டும் என்பது தேவியாரின் முதல் ஆணை. நடுவே தாகம் எடுக்கிறது என்றோ தலை சுற்றுகிறது என்றோ நகரலாகாது. வாயிலின் இருபுறமும் நிற்கின்ற வேலாட்கள் உமக்கு மரியாதை செய்ய வந்தவர்கள் என்று எண்ணிவிட வேண்டாம்.

சென்ற பங்குனியில் பன்னிரு நாட்டுக்கும் போன ஆணையை நீர் மறந்திருக்க மாட்டீர். ஒவ்வொரு நாட்டிலும் சிறைப்பட்டிருப்போர் எத்தனை பேர், அவருள் ஆடவர் எத்தனை, பெண்டிர் எத்தனை என்று தெரிவிக்க வேண்டும் என்பதே அது. எந்த நாட்டில் நீதி நன்றாக நடக்கிறது, எங்கே மக்கள் வீணே அடைபட்டுக் கிடக்கிறார்கள் என்று அறியத் தேவியார் விரும்பினார். வந்த விடைகளை ஒப்பிட்டுச் சொல்லும் வேலை அதிகாரிச்சி மருதன் கொற்றியிடம் வந்தது. கொற்றி அரண்மனைக் களஞ்சியத்தில் நெல்லளவைப் பார்த்துத் தலைநரைத்தவள். மணம் செய்துகொள்ளாதவள். தாய் இறந்தபின் தன்னைவிட வெகு இளையவனாகிய தம்பி பொலனைத் தானே வளர்த்து ஆளாக்கியவள். வாய் கொஞ்சம் நீளம். அதை அவளே ஒப்புக்கொள்வாள்.

மருத நாட்டுச் சிறைகளில்தான் ஆட்கள் மிகுதி என்று அமைச்சர்கள் முகம் சுளித்தபோது, அப்படிப் பார்ப்பது அழகில்லை என்றாள் கொற்றி. பெரிய பானையில் சோறு மிகுதியாக இருப்பதில் என்ன வியப்பு, ஆயிரம் அடுப்பு எரியும் இடத்தில் எத்தனை பேர் அடைபட்டிருக்கிறார்கள் என்றல்லவா கேட்க வேண்டும் என்றாள். அப்படிக் கேட்டதும் கணக்கு தலைகீழானது. மருத நாடு ஆயிரம் அடுப்புக்கு நான்கு பேரோடு அடங்கி உட்கார்ந்தது. ஆளரவமே இல்லாத குன்ற நாடு பதினொன்றோடு தலை தூக்கியது. பெண்டிர் என்று பார்த்தால், பெரும்பாலான நாடுகளில் ஆயிரம் அடுப்புக்கு ஒருத்திகூட இல்லை. குறும்பொறை நாட்டில் மட்டும் மூன்று. உம்முடைய கழிமுக நாட்டிலோ ஆடவர் ஒன்பது; பெண்டிர் ஒருவரும் இல்லை. ஒரு பெண்கூடச் சிறைப்படவில்லை, குற்றம் செய்தவன் ஒருவன்கூடத் தப்பியதில்லை என்று நீரே எழுதியிருந்தீர்.

அவை உம்மைக் கொண்டாடியது. வலம்புரிச் சங்கு ஒன்று உமக்குப் பரிசாகப் புறப்பட்டது. குறும்பொறை நாடாள்வான் வேட்டன் நம்பி வரவழைக்கப்பட்டு, உன் நாட்டுப் பெண்கள் ஏன் இப்படி என்று கேட்கப்பட்டு, தலைகுனிந்து நின்றான். பேரமைச்சர் விடங்கர் காரணமும் கண்டுபிடித்துவிட்டார். கழிமுக நாட்டில் சிறைப்படுகிறவன் தன் தலைப்பாகையைக் கழற்றிச் சிறைச்சுவரின் முளைக்குச்சியில் மாட்ட வேண்டும், விடுதலை பெறும் நாளில் அவனே எடுத்துக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது வழக்கம். ஊரறியத் தொங்கும் அந்தப் பாகையை எண்ணி வெட்கித்தான் பெண்கள் நல்வழி நடக்கிறார்கள் என்றார். ஆகவே அந்தப் பாகை வழக்கத்தை எள்ளளவும் மாற்றாமல் பன்னிரு நாட்டுக்கும் சட்டமாக்குவது என்றும், சித்திரை முழுநிலா நாளில் அதற்கு இலச்சினை வைப்பது என்றும் முடிவாயிற்று.

கொற்றிக்கு மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. பெண்ணே அடைபடாத நாடென்றால் அங்கே பெண்களே இருக்கக் கூடாது என்று அவையில் சொல்லிப் பார்த்தாள். தன் தெருவில் தண்ணீர்த்துறைக்குப் போய்த் திரும்புவதற்குள் இரண்டு சண்டை நடக்கிறது, கழிமுகத்துப் பெண்கள் மட்டும் வானத்திலிருந்து இறங்கினார்களா என்றாள். விடங்கர் சிரித்தார். தேவியார் சிரிக்கவில்லை. போய்ப் பார்த்துவிட்டு முழுநிலாவுக்குள் வா, வராவிட்டால் இலச்சினை விழுந்துவிடும் என்று விடை கொடுத்தார். துணைக்குப் பொலன் போனான்.

அதன்பின் நடந்தவற்றில் பாதியை நீர் அறிவீர். மறுபாதியை இப்போது கேளும்.

நீர் அவர்களை அன்பாகத்தான் வரவேற்றீர். இறாலும் நண்டும் இலை கொள்ளாமல் விழுந்தன. சிறைக்கோட்டம் எப்போது பார்க்கலாம் என்று கொற்றி கேட்டபோதெல்லாம் ஒரு நாள் ஓதம் ஏறியிருக்கிறது என்றீர், ஒரு நாள் துறைத்தெய்வத்துக்கு விழா என்றீர், இன்னொரு நாள் உமக்கே உடம்பு சரியில்லை என்றீர். வெள்ளிமதிலுக்குத் திரும்ப ஆற்றுவழியில் இரண்டு நாள் வேண்டும். நாள் நெருங்க நெருங்கக் கொற்றிக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் ஒரு காலை, உம் ஏவலாளர் யாரிடமும் சொல்லாமல், தம்பியைக் கூட்டிக்கொண்டு நேரே சிறைக்கோட்டத்து வாயிலுக்கு வந்து நின்றாள்.

வாயிற்காவலன் கோடன் கை குவித்தான். பெண்கள் வாயிலைத் தாண்ட வேண்டுமானால் ஒரு பாகையின் கீழ்தான் தாண்ட வேண்டும், அது பாட்டன் காலத்து விதி என்றான். யாருடைய பாகை என்று கேட்டாள் கொற்றி. கணவன், தந்தை, உடன்பிறந்தவன், மகன், யாராயினும் உங்கள் வீட்டு ஆளாக இருந்தால் சரி என்றான். பொலன் விளையாட்டுப்போலத் தன் சிவப்புப் பாகையை அவிழ்த்துக் கொடுத்தான். கோடன் அதை உள்ளே எடுத்துப்போய் உயர்ந்த முளைக்குச்சி ஒன்றில் மாட்டிவிட்டு வந்தான். கதவு திறந்தது, கொற்றி உள்ளே போனாள், கதவு மூடியது.

உட்புறம் நீண்ட கொட்டகை. ஒருபக்கம் கம்பிக்கதவுகளுக்குப் பின்னால் ஆடவர்கள். எதிர்ப்பக்கத்துச் சுவரில் தலைக்குமேல் முளைக்குச்சிகள், அவற்றில் பாகைகள். வெளுத்தவை, கிழிந்தவை, சிலந்தி வலை படர்ந்தவை. அந்தப் பாகைகளில் பலவற்றின் நேர்கீழே பெண்கள் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார்கள். காலில் தளை இல்லை, முன்னால் கம்பி இல்லை. ஒருத்தி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆடவரைப் பார்க்க வந்த உறவினர் போலும் என்றுதான் கொற்றி முதலில் நினைத்தாள். எப்போது வந்தீர்கள் என்று அருகில் இருந்தவளைக் கேட்டாள். மூணு வருசம் முடிஞ்சு நாலாவது நடக்குது தாயி என்றாள் அவள்.

அவள் பெயர் வெண்ணி. உப்பளத்துக்காரி. அவள் கணவன் வலைச்சண்டை ஒன்றில் ஒருவன் மண்டையை உடைத்துவிட்டுக் கலமேறி ஓடிப்போனான். கழிமுக நாட்டில் குற்றவாளி ஓடிப்போனால் வழக்கு நிற்பதில்லை. வீட்டில் இருக்கும் அவன் பாகையை எடுத்து வந்து முளையில் மாட்டிவிடுவார்கள். அவன் வந்து எடுக்கும் வரை அவன் மனையாளோ, மனையாள் இல்லாவிட்டால் தாயோ தமக்கையோ, அதன் கீழே உட்கார வேண்டும். இதற்குப் பாகைக் காவல் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். பாகை முளையில் இருப்பதால் ஆள் சிறையில் இருப்பதாகக் கணக்கு. கீழே இருப்பவள் காவல் காக்கிறாளே ஒழியச் சிறைப்பட்டவள் அல்லள். ஆகவே அவளை எண்ணுவதில்லை. அமைதியாகச் சொல்லிக்கொண்டே வந்த வெண்ணி, இந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் சிரித்தாள் என்று கொற்றி சொல்கிறாள். அவள் சொன்ன சொல்லைச் சொன்னபடியே எழுதுமாறு தேவியார் பணித்திருக்கிறார்.

“எண்ணிக்கையில நாங்க இல்ல தாயி. சோத்துல மட்டுந்தான் இருக்கோம். அதுவும் அவரு பேருல வர்ற சோறு.”

தளையும் இல்லை, பூட்டும் இல்லை, எழுந்து போனால் என்ன என்று கேட்டாள் கொற்றி. சுற்றியிருந்த பெண்கள் எல்லாரும் வலைபின்னுவதை நிறுத்திவிட்டார்கள். முளையில் ஏறிய பாகை வெறும் துணி அல்ல, அவன் உயிர் அதில் இருக்கிறது என்பது அந்நாட்டார் நம்பிக்கை. வீட்டுப் பெண்ணின் கை அதில் பட்டால் அவன் எந்தக் கடலில் இருந்தாலும் அந்தக் கணமே விழுவான். பாகையை அப்படியே விட்டு எழுந்து போனாலும் அதே கேடு.

“பூட்டு எதுக்கு தாயி. உசுரு மேல ஆணைன்னு இருக்கையில யாரு எந்திரிப்பா.”

உன் கணவன் எங்கே இருக்கிறான் என்று கேட்டாள் கொற்றி. வெண்ணி தான் பின்னிய வலையை மடியில் வைத்து நீவிக்கொண்டே சொன்னாள்.

“செத்துட்டாருன்னு கூடப் போனவங்க வந்து சொன்னாங்க. போன மாசிக்கு முந்தின மாசி.”

அப்படியானால் உனக்கு என்ன அச்சம், நீ எடுக்கலாமே என்றாள் கொற்றி. கேட்டபின்தான், கேட்டிருக்கக் கூடாது என்று அவளுக்குத் தோன்றியது.

“நா கைய வச்சேன்னா நெசமாயிரும்ல” என்றாள் வெண்ணி.

அரையரே, கொற்றி நெல் அளந்தவள். எழுந்து பாகைகளின் கீழே ஒரு முறை நடந்து எண்ணிப் பார்த்தாள். பாகை பத்து என்றால் நான்கின் கீழே பெண் இருந்தாள். ஆயிரம் அடுப்புக்கு ஒன்பது ஆடவர் என்று நீர் எழுதியதில் ஐந்துக்குச் சற்று மிகுதியானவர்களே உண்மையில் அடைபட்டவர்கள். மற்றவர்கள் காற்று. அவர்கள் இடத்தில் ஆயிரம் அடுப்புக்கு நான்குக்குச் சற்றே குறைவாகப் பெண்கள். குறும்பொறையையும் தாண்டி, பன்னிரு நாட்டிலும் பெண்களை மிகுதியாக அடைத்திருக்கும் நாடு உம்முடையது. இந்த வழக்கத்தைத்தான் எள்ளளவும் மாற்றாமல் எல்லா நாட்டுக்கும் சட்டமாக்க வெள்ளிமதிலில் அரக்கு உருகிக்கொண்டிருந்தது.

உச்சிக்கு முன்பே படகேற வேண்டும் என்று கொற்றி விரைந்து வாயிலுக்கு வந்தாள். தம்பியைக் கூப்பிடு, பாகையை எடுக்கட்டும் என்றாள். கோடன் அவள் முகத்தைப் பார்க்காமல் நின்றான். அதற்குள் உம் ஆட்கள் வந்து பொலனை மாளிகைக்கு அழைத்துப் போயிருந்தார்கள். அவன் எப்போது வருவான் என்று தனக்குத் தெரியாது என்றான். தான் கோப்பெருந்தேவியின் அதிகாரிச்சி, கதவைத் திற என்று அதட்டினாள் கொற்றி. கோடன் பொல்லாதவன் அல்லன். மிகுந்த பணிவோடுதான் சொன்னான்.

“அம்மா கோவிச்சுக்கக் கூடாது. உள்ள இருக்கறது பொலன். நீங்க உள்ள இல்ல. இல்லாத ஆளுக்கு நா எப்படிக் கதவு தொறக்கறது.”

எத்தனையோ சிறைகளின் கணக்கை ஒப்பிட்டுப் பார்த்தவள் அவள். ஒரு சிறையில் இருந்துகொண்டே இல்லாமல் போவது எப்படி இருக்கும் என்று அன்றுவரை அவள் நினைத்துப் பார்த்ததில்லை. உச்சிப்பொழுது போயிற்று. பிற்பகலும் போயிற்று. விளக்கேற்றும் நேரத்துக்குக் கோடன் ஒரு நீண்ட கழியோடு வந்து, முளைக்குச்சிகளை ஒவ்வொன்றாகத் தட்டி எண்ணினான். பொலனின் சிவப்புப் பாகையையும் தட்டினான். எண்ணிக்கை சரியாக இருந்தது. மறுநாள் காலையில் படகேறாவிட்டால் எல்லாம் முடிந்தது என்று கொற்றிக்குத் தெரியும். தான் கிடப்பது பெரிதில்லை. முழுநிலாவன்று இலச்சினை விழுந்தால், மருத நாட்டிலும் குன்ற நாட்டிலும் எந்த மூலையிலும் ஒரு முரடன் ஓடிப்போன மறுநாளே அவன் வீட்டுப் பெண் வந்து உட்கார வேண்டும். எந்தக் கணக்கிலும் அவள் இருக்க மாட்டாள்.

விடிந்தது. ஆடவர்களில் ஒருவன் அன்று விடுதலை பெற்றான். கிழவன். எக்கி நின்று தன் பாகையை எடுத்துத் தலையில் சுற்றினான். சுற்றியதும், அதுவரை அவனை அடா என்று பேசிய காவலர்கள் விலகி நின்றார்கள். கதவு தானாகத் திறந்தாற்போல் திறந்தது. கொற்றி வெண்ணியைப் பார்த்தாள். பாகை தலையேறிய ஆளை மறிக்கக் கூடாது, மறித்தவன் குடி விளங்காது என்று துறைத்தெய்வத்தின் முன் செய்த சத்தியம் இருக்கிறது என்றாள் வெண்ணி. யார் தலை என்று சத்தியத்தில் சொல்லியிருக்கிறதா என்று கேட்டாள் கொற்றி. வெண்ணிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது வாயைப் பொத்திக்கொண்டாள்.

வேண்டாம் என்று பெண்கள் கொற்றியின் காலைப் பிடித்தார்கள். உங்கள் தம்பி, நீங்கள் வளர்த்த பிள்ளை என்று அழுதார்கள். இதெல்லாம் வெறும் பேச்சு என்று கொற்றி அவர்களிடம் சொன்னாள். ஆனால் தனக்கே அந்த வேளையில் அதில் முழு உறுதி இருக்கவில்லை என்று பின்னர் தேவியாரிடம் ஒளிக்காமல் சொன்னாள். ஊரே அஞ்சும் ஒன்றை அஞ்சாமல் இருப்பது எளிதன்று. அவன் பிள்ளையாக இருந்தபோது அந்தத் தலைக்குத் தான் எண்ணெய் வைத்தது நினைவுக்கு வந்தது. பொலனின் பாகை இருந்த முளைக்குச்சி மற்றவற்றைவிட உயரம், அவளுக்கு எட்டவும் இல்லை.

வெண்ணிதான் குனிந்து முதுகைக் கொடுத்தாள். கொற்றி அவள்மேல் ஏறி நின்று பாகையை எடுத்தாள். பெண்கள் முகத்தை மூடிக்கொண்டார்கள். அவள் அதைத் தலையில் சுற்றினாள். ஒழுங்காகச் சுற்றத் தெரியாததால் ஒரு முனை காதில் தொங்கியது. அப்படியே நடந்து வாயிலுக்கு வந்தாள். கோடன் அவளையும் பார்த்தான், பாகையையும் பார்த்தான். பாகையில்லாத பெண்ணைத் தடுக்க அவனுக்கு விதி இருந்தது. பாகை கட்டிய தலையைத் தடுக்க விதி இல்லை. தடுக்கக் கூடாது என்ற சத்தியம் இருந்தது. பிறகு கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கினான்.

படகில் இரண்டு நாளும் கொற்றி அந்தப் பாகையைத் தலையிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தால் தம்பிக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற எண்ணம் ஒரு பக்கம், ஏற்கெனவே ஆகியிருக்கும் என்ற எண்ணம் மறுபக்கம். அவனைத் தேடிக்கொண்டு உம் மாளிகைக்குப் போகாமல் தலைநகருக்குப் புறப்பட்டது சரிதானா என்று ஒவ்வொரு துறையிலும் கேட்டுக்கொண்டாள். திரும்பிப் போயிருந்தால் இருவருமே இருந்திருக்க மாட்டார்கள் என்று படகோட்டி சொன்னானாம். அது ஆறுதலாக இல்லை.

இனி வெள்ளிமதிலில் நடந்ததைக் கேளும். முழுநிலா நாளில் அவை கூடியிருந்தது. சட்டத்தின் ஓலை விரிக்கப்பட்டு, அரக்கு உருகி, பேரமைச்சர் விடங்கர் இலச்சினையை இரு கையாலும் ஏந்தி நின்றார். அப்போது தலையில் சிவப்புப் பாகையோடு ஒரு நரைத்த பெண் அவைக்குள் நுழைந்தாள். சிலர் சிரித்தார்கள். கொற்றி நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் சொன்னாள். விடங்கர் ஒப்பவில்லை. ஒரு நாடாள்வானின் ஓலைக்கு எதிராக ஒருத்தியின் வாய்ச்சொல்லா என்றார். அரையர் எழுதியதில் பொய் எது, பாகைகளை எண்ணி எழுதியிருக்கிறார், அந்நாட்டு வழக்கப்படி அது சரிதானே என்றார். அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. அதுதான் அவையை அச்சுறுத்தியது. ஒரு சொல் பொய்யில்லாமல் இவ்வளவு பெரிய பொய்யைச் சொல்ல முடியும் என்று அதுவரை யாரும் நினைத்ததில்லை.

தேவியார் ஒன்றே ஒன்று கேட்டார். உன் தம்பி எங்கே என்றார். தெரியாது என்றாள் கொற்றி. அவையில் நின்று அழுதாள். தேவியார் விடங்கரிடமிருந்து இலச்சினையை வாங்கித் தம் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அந்தப் பிள்ளையைப் பற்றிய செய்தி வரும் வரை இது என்னிடம் இருக்கட்டும் என்றார். அரக்கு இறுகிப் போயிற்று.

கொற்றி தப்பிவிட்டாள் என்று தெரிந்ததும் உம் ஆட்கள் கலங்கி, பொலனை மாளிகைப் பின்வாசல் வழியே துரத்திவிட்டார்கள் என்பதை நீர் அறிவீர். அவன் கையில் காசில்லாமல், மணல் ஏற்றிய படகு ஒன்றில் தொற்றிக்கொண்டு, மறுநாள் நண்பகலில் வெறுந்தலையோடு வெயிலில் கறுத்து அவைக்கு வந்து சேர்ந்தான். கொற்றி ஓடிப்போய் முதலில் அவன் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். எங்கடா போய்த் தொலைஞ்சே என்று கேட்டாள். பிறகு சில சொற்கள் சொன்னாள். அவற்றை ஓலையில் ஏற்ற வேண்டாம் என்று தேவியார் கட்டளை. பிறகுதான் பாகையை அவிழ்த்தாள். அவன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். அவையில் இருந்தவர்களில் கண் கலங்காதவர் சிலரே. விடங்கர் எழுந்து, சட்டத்தின் ஓலையைத் தம் கையாலேயே நறுக்கினார்.

ஆகவே, அரையன் சுறவனாரே, ஆணையைக் கேளும். பாகைக் காவல் இன்றோடு ஒழிந்தது. குற்றம் செய்தவன் ஓடினால் அவனைத் தேடிப் பிடிப்பது நாடாள்வானின் வேலை. வீட்டில் இருப்பவளை இழுத்து வந்து எண்ணிக்கையைச் சரிசெய்வது அல்ல. இனிப் பன்னிரு நாட்டிலும் சிறையில் இருப்போரை எண்ணுகையில் மூச்சுவிடும் ஆளையே எண்ண வேண்டும். கைப்பிள்ளையையும் விடாமல் எண்ண வேண்டும். ஒவ்வொரு நாட்டின் விகிதத்தையும் ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்க்கும் வேலை தொடர்ந்து நடக்கும். அதைக் கொற்றியே செய்வாள். குறும்பொறை நாடாள்வானுக்கு உண்மை எழுதியதற்காகப் பரிசு கிடையாது, அது அவன் கடமை. ஆனால் அவனைத் தலைகுனிய வைத்ததற்காகத் தேவியார் வருந்தி ஓலை எழுதியிருக்கிறார். அங்கே சிறைப்பட்ட பெண்களில் பாதிப்பேர் அரசக் காட்டில் சுள்ளி பொறுக்கியவர்கள் என்று இப்போதுதான் தெரிய வந்தது. அதுவும் விசாரிக்கப்படும்.

உமக்கு அனுப்பிய சங்கைத் திருப்பிக் கொடும். உம் பாகையையும் அதே முளையில் மாட்ட வேண்டும் என்று அவையில் சிலர் சொன்னார்கள். தேவியார் மறுத்துவிட்டார். மாட்டினால் நீர் ஓடிவிடுவீர், உம் மனையாள் அல்லவா வந்து உட்கார வேண்டியிருக்கும் என்றார். பாகை உம் தலையிலேயே இருக்கட்டும். அதன் கீழே நீரும் இருந்தபடி, துறையில் நிற்கும் படகில் ஏறி வெள்ளிமதிலுக்கு வந்து விடை சொல்லும். காவலன் கோடன் கதவைத் திறந்ததற்காக அவனை யாரும் தொடலாகாது.

இனி உள்ளே இருக்கும் பெண்களுக்கு. வேலாட்கள் ஒருவரும் முளைக்குச்சிகளைத் தொட வேண்டாம் என்பது தேவியாரின் ஆணை. மற்றவர் எடுத்துப் போட்டால் உங்கள் அச்சம் உங்களோடேயே வீட்டுக்கு வரும். உங்கள் கண்ணெதிரில் ஒரு பெண் தன் தம்பியின் பாகையை எடுத்தாள். அவன் விழுந்துவிட்டான் என்று நீங்கள் அன்று முகத்தை மூடி அழுதீர்கள். அந்தப் பொலன்தான் இத்திருமுகத்தை இதுவரை உங்களுக்கு வாசித்து நிற்பவன். அருகே வந்து தொட்டுப் பாருங்கள். தொட்டுப் பார்த்தபின், உங்கள் பாகையை நீங்களே எடுங்கள். கதவு திறந்திருக்கிறது.

உப்பளத்து வெண்ணிக்கு மட்டும் தனியே ஒரு சொல். பாகையை எடு என்று அவளுக்கு ஆணை இல்லை. எடுக்காமலே அவள் வீட்டுக்குப் போகலாம். அது அங்கேயே தொங்கட்டும், யாரும் அதைத் தட்டி எண்ண மாட்டார்கள். என்றைக்காவது அவள் வந்து எடுக்க விரும்பினால், முதுகு கொடுக்கக் கொற்றி வருவாள்.

இது வெள்ளிமதில் மாநகரத்தில், கோப்பெருந்தேவியார் தம் கையாலேயே இலச்சினை வைத்த திருமுகம். வாசித்தவன் வாய் நலம் பெறுக. கேட்டவர் வீடுகளில் அடுப்பு அணையாதிருக்க. அரையரே, படகு காத்திருக்கிறது.